மல்லாட்டையும் கொச்சித் தேனும்

கொச்சிக்கு ஐ.வி. போயிட்டு வர்றவங்க பையில் என்ன இருக்கும்? நேந்திரங்கா சிப்ஸ் ரெண்டு பாக்கெட், அல்வா ஒரு பாக்கெட், சீனவலை முன்னாடி நின்னு எடுத்த முந்நூறு போட்டோ. என் பையிலும் அதெல்லாம் இருந்தது. கூடவே ஒரு இனிப்போட செய்முறையும் பாதி காதில் விழுந்து வந்துவிட்டது. அந்தப் பாதியை முழுசாக்கப் போய் எங்கம்மாவுக்கு ஆயிரத்து சொச்சம் ரூபாய் நஷ்டம் வைத்த கதைதான் இது. பயப்படாதீங்க, திரும்ப வந்துடுச்சு.

முதல்ல எங்க ஊரைச் சொல்லிடறேன். கணியம்பாடி. வேலூரில் இருந்து திருவண்ணாமலை ரோட்டில், பாகாயம் தாண்டி வந்தால் எங்க ஊர். காட்பாடி - விழுப்புரம் ரயில் பாதையில் எங்களுக்கும் ஒரு ஸ்டேஷன் உண்டு. மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை, அடிவாரத்தில் அமிர்தி. சுற்றுலாப் பயணிகள் எங்க ஊரைப் பார்ப்பது பஸ் ஜன்னல் வழியாகத்தான். ஆனா மருத்துவம் படிக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. சி.எம்.சி.யின் சமுதாய மருத்துவப் பிரிவு, நாங்க 'சாட்' ஆஸ்பத்திரின்னு சொல்றது, பல பத்து வருஷமா எங்க ஒன்றியத்தில் வீடு வீடாப் போய் வேலை செய்யுது. அதனால பிரசவத்தில் இருந்து சர்க்கரை வியாதி வரைக்கும் எத்தனையோ ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 'கணியம்பாடி ஒன்றியம்' என்ற பெயர் வரும். சினிமாவில் வராத ஊர், ஜர்னலில் வருது!

விடியற்காலை அஞ்சரை மணிக்கு ரோட்டுக்கு வந்தால் இன்னொரு கணியம்பாடி தெரியும். டிபன் பாக்ஸும் துப்பட்டாவுமா பெண்கள் கும்பலா நிப்பாங்க. ஷூ கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கிட்டுப் போகும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுன்னு இந்தத் தோல் பெல்ட் முழுக்க இதே காட்சிதான். எங்கம்மா பன்னிரண்டு வருஷமா அந்தக் கும்பலில் ஒருத்தர். ஷூவோட மேல்பாகத்தைத் தைக்கிற 'அப்பர்' செக்ஷன்.

2025 ஆகஸ்ட் 27-ந் தேதி அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமா ஏத்தியது. டி.வி.யில் பெரிய பெரிய ஆட்கள் விவாதம் பண்ணாங்க. எங்க வீட்டில் விவாதம் இல்லை. ஓவர்டைம் நின்னுது. அப்புறம் 'வாரத்துல மூணு நாள் வந்தா போதும்'னு சொல்லிட்டாங்க. மீதி நாளில் அம்மா வீட்டில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கிட்டு இருந்ததை என்னால பார்க்க முடியலை.

அப்பதான் எங்க காலேஜில் ஃபுட் ஃபெஸ்ட் அறிவிச்சாங்க. செப்டம்பர் 25, வியாழக்கிழமை. தலைப்பு, 'உலகம் சுற்றும் இனிப்பு'. ஒவ்வொரு வகுப்பும் ஒரு ஊர் இனிப்பு செய்யணும். 'கொச்சி யூதர் இனிப்பு பண்ணலாம், எங்கம்மா செஞ்சு தருவாங்க, முந்நூறு பீஸ்'னு கையைத் தூக்கினது நான்தான். வகுப்பு ஃபண்டில் இருந்து மூவாயிரம் அட்வான்ஸ். அம்மா அந்தப் பணத்தை சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சாங்க.

இப்ப கொச்சிக்குப் போவோம். பிப்ரவரியில் போன ஐ.வி. அது. துறைமுகத்தை கேட்டுக்கு வெளியிலயே பார்த்து முடிச்சு, மட்டாஞ்சேரிக்குப் போனோம். அங்கே ஜூ டவுன் தெருவில் முனையில நிக்குது பரதேசி சினகாக், யூதர்களின் ஜெபக்கூடம். 1568-ல் கட்டினது. செருப்பைக் கழட்டிட்டு உள்ளே போனால் தரை முழுக்க சீனாவில் இருந்து வந்த வெள்ளை நீல ஓடு. கையால் வரைஞ்சது. மேலே பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள். 1968-ல் நானூறாவது ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தியே வந்திருக்கார், தபால் தலையும் வெளியிட்டிருக்காங்க. எல்லாம் சரி, ஆட்கள்? 1948-ல் இஸ்ரேல் உருவானதும், 1950-களில் பெரும்பாலானவங்க அங்கே கிளம்பிப் போயிட்டாங்க. அந்தத் தெருவில் எம்பிராய்டரி கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019-ல் 96 வயசில் காலமானார். கடைசிக் காலத்தில் அவரைக் கவனிச்சு, கடையையும் பார்த்துக்கிட்டது ஒரு முஸ்லிம் குடும்பம். அவர் சொல்லிக் கொடுத்த துணி வேலை இன்னும் அந்தக் கடையில் இருக்கு.

பக்கத்தில் ஒரு மசாலாக் கடையில் பெரியவர் ஒருத்தர் எங்களுக்கு ஏலக்காய் விக்கப் பார்த்து, நாங்க வாங்க மாட்டோம்னு தெரிஞ்சதும் கதை பேச ஆரம்பிச்சார். பெஸஹா பண்டிகைக்கு அவங்க வீடுகளில் பேரீச்சம்பழத்தை வேகவெச்சு, துணியில் பிழிஞ்சு, கருகருன்னு தேன் மாதிரி காய்ச்சுவாங்களாம். மேல கொட்டைப் பருப்பு தூவுவாங்களாம். 'தெரு முழுக்க மணக்கும். இப்ப காய்ச்ச ஆள் ஏது?' என்றார். மலையாளத்தில்தான் சொன்னார். பாதி புரிஞ்சது, பாதி பஸ் ஹாரனில் போச்சு.

தமிழ்நாட்டுக்கும் இவங்களுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நினைச்சுக்காதீங்க. பதினேழாம் நூற்றாண்டில் மதராஸில் பவழமும் வைரமும் வித்த யூத வியாபாரிகள் இருந்தாங்க. ஜார்ஜ் டவுனில் பவழக்காரர் தெரு இருக்கே, அது அந்தக் காலத்து முகவரி. அதுக்கும் முன்னாடி, சாலமோன் ராஜாவோட கப்பல் கொண்டு வந்த மயிலுக்கு எபிரேய பைபிளில் 'துக்கி' என்று பெயர். அது நம்ம 'தோகை'யில் இருந்து போனதுன்னு சொல்ற அறிஞர்கள் பலர். மயில் போன வழியில் இனிப்பு வரக்கூடாதா?

திரும்பி வந்து தேடிப் பார்த்தால் யூத வீடுகளில் தேனும் பருப்பும் சேர்ந்த இனிப்பு ஒன்றில்லை, டஜன் கணக்கில் இருக்கு. கிழக்கு ஐரோப்பாவில் மாவைச் சின்னச் சின்னதா உருட்டி, தேன்பாகில் வேகவெச்சு, பருப்போடு சேர்க்கிறது 'தைக்லஹ்'. தேனையும் சர்க்கரையையும் கொதிக்க வெச்சு, வாதுமையோ அக்ரூட்டோ கொட்டி, ஈரப் பலகையில் ஊத்தி, ஈரக் குழவியால் தேய்ச்சு, டைமண்டா வெட்டறது இன்னொண்ணு. படிச்சுக்கிட்டே வரும்போது எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. இது நம்ம மல்லாட்டை மிட்டாய்தானே!

மல்லாட்டைன்னா வேர்க்கடலை. வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக்காரங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: மணிலாக்கொட்டை தேய்ஞ்சு மல்லாட்டை ஆனது. தென் அமெரிக்காவில் பிறந்து, மணிலாப் பேரைத் தூக்கிக்கிட்டு வந்து, எங்க செம்மண்ணில் உட்கார்ந்தது. கோவில்பட்டிக்காரங்க 2020-ல் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடே வாங்கிட்டாங்க. நாங்க இன்னும் உருண்டை பிடிச்சுக்கிட்டு இருக்கோம்.

தேனுக்கு எங்கே போறது? கடைத் தேன் வாங்க எனக்கு மனசில்லை. 2020 டிசம்பரில் தில்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேனை எடுத்துச் சோதிச்சதில், எல்லா சோதனையும் பாஸ் பண்ணது மூணே மூணு. தண்ணியில் விட்டுப் பார், திரியில் கொளுத்திப் பார்னு நாம பண்ற வீட்டு டெஸ்ட்டெல்லாம் அரிசிப் பாகைக் கண்டுபிடிக்காது. ஸோ, ஜமுனாமரத்தூர்.

எங்க ஊரில் இருந்து கண்ணமங்கலம், சந்தவாசல் வழியா போளூர். அங்கிருந்து மலை பஸ். சந்தவாசல் தாண்டும் வரைக்கும் வெயில் மண்டையைப் பிளந்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிச்சதும் ஜன்னல் வழியா ஒரு குளிர் வந்தது பாருங்க, டிக்கெட் காசு அதுக்கே சரியாப் போச்சு. மேலே சாமை வயல், பலா மரம், ஓட்டு வீடுகள். மலையாளிப் பழங்குடி மக்களோட ஊர் அது. பேர் மலையாளி, பேசறது தமிழ். தேன், புளி, கடுக்காய், சாமை எல்லாம் அங்கிருந்துதான் கீழே இறங்குது. தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான்னு இருந்த காலத்தில் எங்க பெல்ட்டோட தோல் தொழிலுக்கே மலைகள்தான் படியளந்திருக்கு. இப்ப கெமிக்கல் வந்துடுச்சு. கடுக்காயோட மவுசு குறைஞ்சிடுச்சு.

தேன் வித்த அண்ணன் ரெண்டு பாட்டிலைக் காட்டினார். ஒண்ணு மலைத்தேன், பாறை இடுக்கிலும் உயர மரத்திலும் ஒத்தை அடையாத் தொங்குற பெரிய தேனீயோடது. இன்னொண்ணு பொந்துக்குள்ள அடுக்கடுக்கா கட்டற அடுக்குத்தேன். மலைத்தேன் எடுக்க ராத்திரியில், நிலா இல்லாத நாளாப் பார்த்து, புகை போட்டு, கயித்துல தொங்கணும். 'எத்தினி கொட்டு வாங்கியிருக்கீங்கண்ணா?'ன்னு கேட்டேன். 'எண்ணிக்கினா தேன் எடுக்க முடியும்?' என்றார். அதுக்கப்புறம் பேரம் பேச வாய் வரலை. ரெண்டு கிலோ வாங்கினேன்.

நேரம் இருந்தால் அப்படியே காவலூர் வானாய்வகத்தையும் எட்டிப் பார்த்துட்டு வாங்க. 1986-ல் தொடங்கி வெச்ச வைணு பாப்பு தொலைநோக்கி, 2.34 மீட்டர் ஆடி. எனக்கு நேரம் இல்லை. மடியில் தேன் பாட்டிலை வெச்சுக்கிட்டு வளைவில் இறங்கினவனுக்கு நட்சத்திரம் வேற தனியாத் தெரிஞ்சது.

வீட்டுக்கு வந்து வாணலியில் தேனை ஊத்தப் போகும்போது பாட்டி கத்தினாங்க பாருங்க! 'டேய், இன்னாத்துக்குடா தேனை அடுப்புல வெக்கிற? தேனைச் சுட வெச்சா விஷம்டா!'

'பாட்டி, உலகம் பூரா காய்ச்சறாங்க.'

'உலகம் பூரா காய்ச்சட்டும். வள்ளி முருகனுக்கு இன்னா குடுத்தா? தேனும் தினைமாவும். காய்ச்சியா குடுத்தா?'

வள்ளிமலை எங்க மாவட்டத்திலேயே இருக்கு. அதனால வள்ளி என்ன செய்தாள், என்ன செய்யலைங்கறதில் பாட்டிகிட்ட வாதாட முடியாது. நான் கேட்கலை. அம்மாவும் என் பக்கம் நின்னாங்க. பாட்டி முகத்தைத் திருப்பிக்கிட்டுத் திண்ணைக்குப் போயிட்டாங்க.

வறுத்துத் தோல் நீக்கின மல்லாட்டை ஒரு கிலோ, கொதிக்கிற தேன் ஒரு கிலோ, கொஞ்சம் சுக்கு. சர்க்கரை வேண்டாம், சுத்தமான தேன் இனிப்பா இருக்கட்டும்னு புத்திசாலித்தனமா நான்தான் சொன்னேன். பலகையில் ஊத்தி வெட்டும்போது செமயா வந்தது. பழுப்பு நிறம், கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. பட்டர் பேப்பரில் சுத்தி அடுக்கி வெச்சோம். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் இடியோட மழை. திங்கக்கிழமை காலையில் டப்பாவைத் திறந்தால் நூத்தி இருபது பீஸும் ஒரே பீஸா இருந்தது. பேப்பரோடு சேர்ந்து ஒரு பெரிய பழுப்புச் சாணி உருண்டை. சுத்தி எறும்பு கல்யாண ஊர்வலம்.

அம்மா ஒண்ணும் பேசலை. சாமி படத்துக்குப் பின்னாடி கையை விட்டு மீதி பணத்தை எடுத்து எண்ணினாங்க. திரும்பவும் எண்ணினாங்க. திட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

ஏன் இப்படி ஆச்சுன்னு எங்க கெமிஸ்ட்ரி சார்கிட்ட போய் நின்னேன். சிரிச்சிட்டு சொன்னார்: வெல்லத்திலும் சர்க்கரையிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், பாகு பதம் வந்தால் இறுகி நிக்கும். தேனில் பாதிக்கு மேல் ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும். ஃப்ரக்டோஸ் காத்தில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். மழை நாளில் கேட்கவே வேண்டாம். அந்த வெளிநாட்டுச் செய்முறையில் தேனோட சர்க்கரை சேர்க்கச் சொன்னது சும்மா இல்லை. பாட்டி சொன்னதையும் கேட்டேன். தேனைச் சூடாக்கினால் ஹெச்.எம்.எஃப். என்ற பொருள் கூடும், தேன் எவ்வளவு காய்ச்சப்பட்டது, பழசானதுன்னு பார்க்க அதைத்தான் அளப்பாங்க என்றார். 'விஷம்னு சொல்ல மாட்டேன். ஆனா காட்டுத் தேனோட வாசனையைக் கொன்னுடுவே. அதுக்கு எதுக்குய்யா மலைக்குப் போனே?'

அது சுருக்குன்னு இருந்தது.

அன்னைக்கு மத்தியானம் கேன்டீனில் இன்னொரு சிக்கல். என் பெஞ்ச்மேட் வாணியம்பாடிக்காரன். டீயைக் கலக்கிக்கிட்டே கேட்டான். 'மச்சி, 'யூத இனிப்பு'ன்னு போர்டு வைக்கப் போறியா?' காஸா செய்தி தினமும் வந்துக்கிட்டு இருந்த சமயம். அவன் வீட்டில் டி.வி. போட்டால் அவன் உம்மா எழுந்து உள்ளே போயிடறாங்கன்னு ஒரு தடவை சொல்லியிருக்கான். நான் இதை யோசிக்கவே இல்லை. சாரா கோஹனைப் பத்தி, கடைசி வரை கூட இருந்த குடும்பத்தைப் பத்தி சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசலை. 'கொச்சின்னு போடு. அதுதான் உண்மையும் கூட. யாராவது கேட்டா முழுக் கதையும் சொல்லு, மறைக்காதே' என்றான். அப்புறம், 'பேரீச்சம்பழத்துலதானே காய்ச்சுவாங்கன்னு சொன்னே? அப்ப நீ ஏன்டா தேனைக் கட்டிக்கிட்டு அழறே?'

அப்பதான் மண்டையில் பல்பு எரிஞ்சது.

பைபிளில் 'பாலும் தேனும் ஓடும் நாடு'ன்னு வருதே, அந்தத் தேன் பல இடங்களில் பேரீச்சைப் பாகுதான்னு சொல்வாங்க. தேனீ வளர்ப்பே அங்கே இல்லைன்னு கூட நினைச்சிருந்தாங்க. 2007-ல் தெல் ரெஹோவ் என்ற இடத்தில் மூவாயிரம் வருஷம் பழைய தேன்கூடுகளைத் தோண்டி எடுத்ததும், நிஜத்தேனும் இருந்ததுன்னு தெரிஞ்சது. அவங்க சட்டத்தில் இன்னொரு வேடிக்கை: தேனீயைச் சாப்பிடக்கூடாது, தேனைச் சாப்பிடலாம். பூவோட மதுவைத்தான் தேனீ கொண்டு வருது, தன் உடம்பில் சுரக்கலைன்னு காரணம் சொல்றாங்க. வக்கீல் தோத்தான்!

வேலூர் லாங் பஜாரில் அவன் மாமாவுக்குத் தெரிஞ்ச கடையில் பேரீச்சை ரெண்டு கிலோ, அசல் விலைக்கே. செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு வேலை இல்லாத நாள். கொட்டை எடுத்து, ராத்திரியே ஊறப் போட்டது. காலையில் முக்கால் மணி நேரம் வேகவெச்சு, ஆறினதும் வெள்ளைத் துணியில் கட்டி, நானும் அம்மாவும் ரெண்டு முனையைப் பிடிச்சு எதிரெதிரா முறுக்கினோம். தைக்கிற கை, அம்மாவுக்குப் பிடி இரும்பு மாதிரி. வடிஞ்ச சாற்றை சின்னத் தீயில் கிளறிக்கிட்டே இருக்கணும். மூணில் ஒரு பங்கா சுண்டினப்போ கறுப்புத் தேன் மாதிரி கரண்டியில் இருந்து நூலா இறங்கிச்சு. வாசனை திண்ணை வரைக்கும் போச்சு. பாட்டி எழுந்து வந்துட்டாங்க.

'இது இன்னா?'

'பேரீச்சை, பாட்டி. இதைக் காய்ச்சலாம் இல்ல?'

'பழம்தானே, காய்ச்சு.' அனுமதி கிடைச்சது.

இந்தத் தடவை அம்மா என்னைப் பேசவே விடலை. பாகு ஒரு பங்குக்கு வெல்லம் ரெண்டு பங்கு. வெல்லத்தை முதலில் கரைச்சு வடிகட்டி, பேரீச்சைப் பாகைச் சேர்த்து, மறுபடி பதம். ஒரு சொட்டை தண்ணிக் கிண்ணத்தில் விட்டு, உருட்டி, தட்டில் போட்டால் 'டங்'னு சத்தம் வரணும். வந்ததும் மல்லாட்டை, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. நெய் தடவின பலகையில் கொட்டி, சூடு இருக்கும்போதே தேய்ச்சு, கத்தியால் கோடு போட்டுடணும். ஆறினப்புறம் கோடு போட்டால் உடைஞ்சு போகும். கொச்சிக்காரங்க இதைப் பார்த்தால் 'இது எங்களோடது இல்லையே'ன்னு சொல்லலாம். அவங்களுது பாகாவே பரிமாறுறது. இது பாகு அவங்களுது, பலகை எங்களுது. அங்கேயும் சிலர் மல்லாட்டையைத் தொட மாட்டாங்க. ஐரோப்பிய வழி யூதர்களில் பலர் பெஸஹா சமயத்தில் பருப்பு வகை சாப்பிடுவதில்லை, மல்லாட்டை அந்தக் கணக்கில் வந்துடும்.

மீதி இருந்த ஒரு கிலோ மலைத்தேன்? அதைப் பாட்டி கையில் எடுத்துக்கிட்டாங்க. தினையை வறுத்து மாவாக்கி, மல்லாட்டையை ஒண்ணும் பாதியுமா இடிச்சு, பச்சைத் தேனை விட்டுப் பிசைஞ்சு உருண்டை. அடுப்பே கிடையாது. அதையும் ஒரு தட்டில் வெச்சு ஸ்டாலுக்கு எடுத்துட்டுப் போனோம்.

தற்செயலா அந்த வாரம்தான் யூதப் புத்தாண்டு, 5786 பிறந்தது. ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடற நாள். போர்டில் 'கொச்சி பேரீச்சை மல்லாட்டை, விலை 10' என்றுதான் எழுதியிருந்தோம். ஏழெட்டுப் பேர் நின்னு கேட்டாங்க, முழுக் கதையும் சொன்னோம். ஒருத்தன் மட்டும் வாங்கின பீஸைத் திருப்பி வெச்சிட்டுப் போனான். என் பெஞ்ச்மேட் அவன் பின்னாடியே போய்ப் பேசிட்டு வந்தான். என்ன பேசினான்னு நான் கேட்கலை. மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள முந்நூறும் காலி. பாட்டியோட உருண்டை பதினொரு மணிக்கே காலி, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நஷ்டம் கழிச்சு அம்மா கையில் நின்னது நானூத்தி சொச்சம். பெருசு இல்லை. ஆனா காலேஜ் எதிரில் இருக்கிற டீக்கடைக்காரர் வாரம் நூறு பீஸ் கேட்டார். இப்போ புதன்கிழமை எங்க வீட்டில் பேரீச்சை நாள். கம்பெனி மறுபடி ஆறு நாளும் கூப்பிட்டால் என்ன பண்ணுவீங்கன்னு அம்மாவைக் கேட்டேன். துணியை முறுக்கிக்கிட்டே, 'முதல்ல அந்த முனையை ஒழுங்காப் புடி' என்றார்.